கிணற்றுத் தண்ணீரும் கூலன்ட் தொட்டியும்

தொட்டி நாற ஆரம்பித்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது என் அக்கா புருஷனைத்தான். சந்தேகம் என்ன சந்தேகம், நேராகவே போய்க் கேட்டுவிட்டேன்.

"மாமா, மிச்ச டீய எங்க ஊத்துறீங்க?"

கிரைண்டிங் மெஷினில் நின்றுகொண்டிருந்த மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயிலதான். வேற எங்க ஊத்துவாங்க?"

"கூலன்ட்டுல ஊத்தலையே?"

"உனக்கு அரம்னு பேரு வச்சவன் சும்மா வைக்கல," என்றார்.

பட்டறை முழுக்க என்னை அரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பை ராவுகிற அரம். பேச ஆரம்பித்தால் எதிராளியைத் தேய்த்துத் தூளாக்கிவிடுவேனாம். இருக்கட்டும். மெஷின் ஆட்கள் மிச்ச டீயைக் கூலன்ட்டில் கொட்டுவதும், அதிலேயே கை அலம்புவதும், போதாததற்கு அதிலேயே துப்புவதும் நான் என் கண்ணால் பார்த்தது. அதைச் சொன்னால் அரமாம்.

எங்கள் பட்டறையில் காருக்குக் கேம் ஷாஃப்ட் செய்கிறோம். இன்ஜினுக்குள் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. இரும்பைக் கடைந்து சாணை பிடிக்கும்போது சூடு ஏறாமலிருக்க அதன் மேல் ஓயாமல் கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கலவை. பார்க்கப் பால் மாதிரி இருக்கும், பால் மாதிரியே கெட்டும் போகும். முன்பெல்லாம் கெட்டால் யாரும் கவலைப்பட்டதில்லை. பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டால் மதிலைத் தாண்டி ஒரு குழியில் போய் விழும். மண் குடித்துவிடும். தொட்டியில் புதிதாகக் கலந்துகொள்வார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம்தான் என் அக்கா வீடு.

வீடு சின்னது. இரண்டு அறை, மழை பெய்தால் ஒன்றரை. அக்காவும் மாமாவும் அதை வாங்கியதே பின்னால் இருந்த கிணற்றுக்காகத்தான். தெருக்குழாயில் வருவது உப்புத் தண்ணீர், அதில் துணி துவைத்தால் சட்டை அட்டை மாதிரி நிற்கும். அந்தக் கிணற்றிலோ சோப்பைக் காட்டினாலே நுரை பொங்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அக்காவுக்கு அந்தக் கிணறு. கொஞ்ச காலமாக அது சரியில்லை. காலையில் எட்டிப் பார்த்தால் மேலே ஒரு எண்ணெய்ப் படலம் பளபளக்கும். வாளியால் அதை ஒதுக்கிவிட்டு இறைப்பாள். மகளுக்கு முழங்காலுக்குக் கீழே சொறி வந்து ஆறவே மாட்டேன் என்றது.

"அந்தக் குழிய மூடிட்டா கிணறு தானா தெளிஞ்சிடும்," என்பாள். சாப்பிடும்போதும் அதையே சொல்வாள், பிள்ளைக்குத் தலை வாரும்போதும் அதையே சொல்வாள்.

மூடுவதற்கு ஒரு வழியும் வந்தது. எங்களிடம் சாமான் வாங்கும் கார் கம்பெனி, கழிவைக் குறைக்காத பட்டறையில் இனி வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. முதலாளி ஒரு இன்ஜினியரை வேலைக்கு எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ஆள், அதனால் எங்களுக்கு அவர் கண்ணாடி சார். எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே தொட்டி வைத்தார். இரும்புப் பிசிரைச் சுழற்றி, அதில் ஒட்டியிருக்கும் கூலன்ட்டைப் பிழிந்து தொட்டிக்கே திருப்பினார். மேலே மிதக்கும் எண்ணெயை ஒரு பெல்ட் வழித்தெடுக்கும். அப்படியும் மிஞ்சுகிற கழிவுக்கு ஒரு கொதிகலன். தண்ணீர் ஆவியாகிவிடும், அடியில் தங்குகிற கசடு டிரம்மில் ஏறி லாரியில் போய்விடும். குழிக்கு ஒரு சொட்டு போகாது.

முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "கம்பெனிக்காரங்க வந்து பாக்குற வரைக்கும் இந்தத் தொட்டி கெடாம ஓடணும். ஓடினா குழிக்குப் போற குழாய வெல்டு வச்சு அடைச்சிடுறேன். கெட்டுச்சுன்னா அந்த ஆர்டரே வேணாம். கேள்வி கேக்காத கஸ்டமருக்குப் பழையபடி செஞ்சிட்டுப் போறேன்."

அக்காவும் என்னோடு பாகங்களைக் கழுவும் வேலைதான். பக்கத்தில் நின்றவள் உடனே கையைத் தூக்கினாள். "தொட்டிய நான் பாத்துக்கிறேன்."

பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கலவையில் எண்ணெய் அளவு சரியா என்று ஒரு சொட்டை அளவுக் கருவியில் விட்டுப் பார்ப்பாள். ஓரத்தில் படிவதைத் துடைப்பாள். சூட்டில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும், அந்த அளவுக்குத் தினமும் ஊற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. பட்டறைத் தண்ணீரில் உப்பு அதிகம், ஊற்றினால் கலவை திரிந்துவிடும். உப்பு பிரிக்கும் மெஷின் வரும் வரும் என்றார்கள், வரவில்லை.

"எங்க கிணத்துல உப்பே கிடையாது சார்," என்றாள் அக்கா.

கண்ணாடி சார் மீட்டரை விட்டுப் பார்த்தார். உப்பு இல்லவே இல்லை. "இதைவிட நல்ல தண்ணி கிடைக்காதுங்க," என்றார். அன்றைக்கு அக்காவின் கால் தரையில் பாவவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் இரண்டு கையிலும் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்து வந்தாள். என் கிணத்துத் தண்ணி ஊத்தித்தான் அந்தக் குழிய மூடப் போறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

பிறகுதான் நாற்றம். முதலில் லேசாக, விடுமுறை முடிந்து மெஷினை ஓட்டும் காலைகளில் மட்டும். பிறகு தினமும். அழுகிய முட்டை நாற்றம். சாணை பிடித்த தண்டுகள் மறுநாளே துருப் பூத்தன. ஆட்களின் மணிக்கட்டில் அரிப்பு எடுத்தது. கிருமி மருந்து ஊற்றினால் கொஞ்சம் அடங்கும், மறுபடி தலைதூக்கும். நான் டீ டம்ளரை மெஷின் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சண்டை பிடித்தேன். தொட்டிப் பக்கம் எச்சில் துப்பிய ஒருவனைத் துடைப்பத்தோடு துரத்தினேன். அக்கா சண்டை போடவில்லை. காற்றுப் பட்டால் நாற்றம் அடங்கும் என்று, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வந்து உள்ளே இறக்கினாள். முழங்கை வரைக்கும் கையை விட்டு மூலை மூலையாகத் தேய்த்தாள். வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள்.

"இன்னும் ரெண்டு கேன் சேத்து ஊத்தினா தெளியும்," என்றாள் என்னிடம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இல்லடி? தெளியும்தான?"

தெளியும்க்கா என்றேன். வேறென்ன சொல்ல?

கம்பெனிக்காரர்கள் வர ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், கண்ணாடி சார் ஒரு சோதனை வைத்தார். கிருமி இருந்தால் சிவப்புப் புள்ளி முளைக்கிற பட்டைகள். ஒன்றைத் தொட்டியில் நனைத்தார், ஒன்றை எண்ணெய் டிரம்மில், ஒன்றை டீ வாளியில்கூட, அது என் வற்புறுத்தலுக்காக. எதையும் விடக் கூடாது என்று அக்காவின் கேனிலும் ஒன்றை நனைத்தார். எல்லாவற்றையும் மூடி ஓரமாக வைத்துவிட்டார்.

அவை தயாரானதும் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் பட்டைகள் வரிசையாக இருந்தன. டீயில் ஏழெட்டுப் புள்ளி. எண்ணெய் சுத்தம். கேனில் நனைத்தது முழுக்கச் சிவப்பு. புள்ளி என்று பிரித்துச் சொல்ல இடமில்லை, தொட்டியை விடவும் மோசம்.

"உப்ப மட்டும் பாத்தேன். இதப் பாக்கல. என் தப்புதான்," என்றார். நெற்றியில் கண்ணாடி இருந்தது, தேடவில்லை. "அந்தக் குழியில ஊத்தினதெல்லாம் மண்ணு வழியா கிணத்துக்குப் போயிருக்கு. அதத்தான் தினமும் தூக்கிட்டு வந்து தொட்டியில… நீங்க சொல்லிடுறீங்களா அவங்ககிட்ட?"

ஊரையே தேய்க்கிற அரம், என் அக்காவிடம் இதைச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் நின்றேன்.

யோசிக்க நேரமும் கிடைக்கவில்லை. வெளியே முதலாளியின் குரல் கேட்டது. வந்து பார்த்தால் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டி அருகே நிற்கிறார், ஃபிட்டர் ஸ்பானரோடு பின்பக்கக் குழாயிடம் குனிந்திருக்கிறான், அக்கா அந்தக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரிம்மா. நானும் எவ்வளவு நாள்தான் பாக்குறது? தொறந்து விட்டுட்டுப் பழையபடி பாப்போம்," என்றார் முதலாளி.

"இன்னும் ரெண்டே நாள் குடுங்க," என்றாள் அக்கா. "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். தெளிஞ்சிடும்."

சொன்னால் அக்கா உடைந்து போவாள். சொல்லாவிட்டால் அந்தக் குழாய் திறந்துவிடும். நான் சொன்னேன்.

"தொட்டி மேல தப்பு இல்ல சார். தண்ணிதான் கெட்டது."

"எந்தத் தண்ணி?"

"அக்கா வீட்டுக் கிணத்துத் தண்ணி. நீங்க குழியில ஊத்தினதுதான் கிணத்துக்குப் போயிருக்கு. கேன்ல ஏறி உங்க தொட்டிக்கே திரும்பி வந்திருக்கு."

அக்கா எழுந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"எவன் சொன்னான்?"

கண்ணாடி சார் பட்டையை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கேனைத் திறந்தாள், டீ மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள், நிரப்பினாள், எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இதோ குடிச்சிட்டேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்ல தண்ணி இது. இதுக்காகத்தான் அந்த வீட்டையே வாங்கினோம்."

மறுபடி நிரப்பினாள். வீட்டில் பிள்ளைக்குக் குடிக்க, தெருக்குழாய் உப்புத் தண்ணீரைக் காய்ச்சித்தான் அவள் கொடுக்கிறாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொடுத்ததில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டாவது டம்ளர் வாய்க்குப் போவதற்குள் மாமா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் விடு. தெரியாதா நமக்கு?"

அக்கா டம்ளரை விடவில்லை. தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியது. பிறகு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

முதலாளி வெகுநேரம் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபிட்டரிடம், "தொட்டியக் காலி பண்ணி டிரம்முல ஏத்து. தண்ணிக்கு லாரி சொல்லு. இந்தக் குழாய வெல்டு வச்சிரு, இன்னைக்கே," என்றார். மனசாட்சியா, கம்பெனிக்காரர்கள் காதுக்குக் கிணற்று விஷயம் போய்விடும் என்ற பயமா என்று என்னைக் கேட்டால் தெரியாது. எதுவாக இருந்தாலும் வெல்டிங் ஒட்டும்.

அன்று மாமா என்னிடம் தனியாகச் சொன்னார். "டீ ஊத்தி நான்தான் கெடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒத்துக்கிட்டிருப்பேன்."

"ஒத்துக்கிட்டு? நாளைக்கும் அதே தண்ணியத்தான தூக்கிட்டு வருவா?"

அவர் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இல்லை.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீரில் புதிதாகக் கலந்தார்கள். நாற்றம் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், தொட்டியை முகர்ந்தார்கள், அடைத்த குழாயைப் படம் பிடித்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. குழிக்கு இனி ஒரு சொட்டு போகாது.

அவர்கள் கிளம்பியதும் அக்கா கண்ணாடி சாரிடம் போனாள். "தொட்டிய சுத்தம் பண்ண மாதிரி கிணத்தையும் பண்ணிடலாமா சார்?"

"தொட்டிக்கு அடி இருக்குங்க. கிணத்து ஊத்து மண்ணுக்குள்ள எங்கெங்கயோ போகுது. எறங்கினது எறங்கினதுதான். வருஷக்கணக்குல ஆகும்."

"எறைக்க எறைக்கக் கொறையாதா?"

"கொறையலாம், உறுதியா சொல்ல முடியாது. எறைக்கிற தண்ணிய எங்க ஊத்துவீங்க? கீழ ஊத்தினா திரும்ப அதே மண்ணுக்குத்தான போகும்?"

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான், விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். என் அக்காவை நானே தெரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் காலை, இரண்டு கையிலும் இரண்டு கேனோடு வந்து வாசலில் நின்றாள். வாட்ச்மேன் மறித்தார்.

"தண்ணிதான் லாரில வருதேம்மா. இது எதுக்கு?"

"இது உங்க முதலாளியோட சாமான். எங்க வீட்ல கிடந்துச்சு. திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

வாட்ச்மேன் மாடி ஜன்னலைப் பார்த்தார். முதலாளி அங்கேதான் நின்றார். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார். அக்கா கழிவைக் கொதிக்க வைக்கும் கலனிடம் போய், இரண்டு கேனையும் அதில் கவிழ்த்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "உனக்குப் பைத்தியமா? ரெண்டு ரெண்டு கேனா ஒரு கிணத்த எப்பக்கா எறைச்சு முடிக்கிறது?"

"அவங்க மட்டும் ஒரே நாள்லயாடி ஊத்தினாங்க?" என்றாள்.

காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு மறுபடி மதிலைச் சுற்றி வீட்டுப் பக்கம் நடந்தாள். வேலை தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் ஓடிப் போய் ஒரு கேனை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.