புருல் வீட்டு மாப்பிள்ளைகள்

அத்பாஷிப் பள்ளத்தாக்கில் முதல் உறைபனி விழுகிற காலையில், புருல் வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. கண் அழும், கை தள்ளும். மாப்பிள்ளைகள் மலைமேல் ஆட்டுப்பட்டியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சரிவுகளில் பூ பூத்ததும் வந்து சேருவார்கள். அதே கைகள் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துவைக்கும். அண்டை அயலாருக்கு இது ஒரு வசதி. புருல் வீட்டுக் கதவைச் சாத்தினால், உறைபனிக்காலம் வந்துவிட்டது என்று உருளைக்கிழங்கைத் தோண்டிவிடுவார்கள். வானொலியில் சொல்லும் வானிலையை யார் நம்பினார்கள்?

அந்த வீட்டுச் சுவருக்குள் தேனீக்கள் குடியேறிய வருஷத்தில் இது ஆரம்பித்தது. அதன்பிறகு வீட்டுக்காரி புருல் வாசலைத் தாண்டவே இல்லை. பெண்ணாகப் பெற்றுக்கொண்டே இருந்தாள். பெண்களும் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போகவில்லை, மாப்பிள்ளைகள்தான் இங்கே வந்தார்கள். சிறுமிகள் கண் விழித்ததும் அறைகளைக் கூட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் கிண்ணத்தைத் தொட்டால் அதில் வெண்கூழ் ஊறும், அதைக் குழந்தைகளுக்கு ஊட்டுவார்கள். இன்னும் வளர்ந்தால் வயிற்றில் மெழுகு வியர்க்கும், சுவர் விரிசலை அடைப்பார்கள். அதற்கப்புறம் வாசல் காவல்: வருகிற ஆளை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கடைசியாக வெளிவேலை. வயல்வெளிக்குப் போன அத்தைமார் ஒருநாள் திரும்ப மாட்டார்கள். யாரும் தேடுவதில்லை.

புருலின் நடுப்பெண் ஷாயிருக்குக் கைக்குழந்தையோடு வாசல் காவல் வந்த வருஷம், அவள் புருஷன் தோலோனுக்கு நெஞ்சு கெட்டிருந்தது. போன குளிரில் பட்டியில் ரத்தமாக இருமியவன். நரின் நகரிலிருந்து வந்த டாக்டர், இன்னொரு குளிரை வெளியே கழித்தால் ஆள் தேற மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். காவல்காரியின் கைதான் முதலில் தள்ள வேண்டும். ஷாயிர் தன் கைகளைப் பார்த்துப் பயந்தாள்.

அம்மாவிடம் போய் நின்றாள். "இந்த ஒரு தடவை மட்டும் இவரை விட்ரும்மா."

"நானாடி தள்றேன்?" என்றாள் புருல். "நான் பெத்துப் போடுறவ. இந்த வீட்ல என் பேச்சு என்னைக்கு நடந்திருக்கு? எல்லாம் நீங்க பண்றதுதான்."

"என் கை நான் சொன்னா கேக்காதும்மா."

"என்னோடதும் கேட்டதில்ல. உங்கப்பனை எத்தனை தடவை தள்ளியிருக்கேன்."

காற்று கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஷாயிர் தூங்கவில்லை. வானம் துடைத்துவிட்டது போல இருந்த ஒரு மாலையில், தன் கைகளைக் குதிரைமயிர்க் கயிற்றால் வாசக்காலோடு கட்டச் சொன்னாள். அக்கா ஜிபார் அழுதுகொண்டே கட்டினாள். தோலோனுக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்துடீ, என்னோட சேத்து வாசக்காலையும் வெளிய தள்ளிறப்போற. பட்டியில அதுக்கெல்லாம் இடமில்ல."

விடிந்தபோது வைக்கோல் போர் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. வேலிக்கு அப்பால் அண்டை வீட்டார் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். "வீட்டோட மாப்ளைங்களா, மூட்டை கட்டியாச்சா?" என்று ஒருத்தன் கத்தினான். ஷாயிர் பல்லைக் கடித்துக்கொண்டு கைகள் திமிறுவதற்காகக் காத்திருந்தாள். அவை திமிறவில்லை. மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்துவந்து தேநீர் குடித்தார்கள், யாரும் அவர்களைத் தொடவில்லை. ஜிபார் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தோலோன் அடுப்பில் விறகு வைத்தான். ஷாயிர் சிரித்தாள், அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

வேலியோரம் நின்ற, தேனீ வளர்க்கிற ஒஸ்மோன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எதுக்குய்யா தொப்பியக் கழட்டுறீரு?" என்று கேட்டான் கத்தியவன்.

"பனி விழுந்தும் ஆண் தேனீயை வெளிய தள்ளாம உள்ள வச்சிருந்தா, அந்தக் கூட்டுல தாய் ஈ இல்லைன்னு அர்த்தம்."

அப்போதுதான் வீட்டுக்குள் அந்தச் சத்தம் கிளம்பியது. சுவரிலிருந்தும் பெண்களின் தொண்டையிலிருந்தும் ஒரே முனகல். "அம்மா வாசனையே வரலையே," என்றாள் ஜிபார். உள்ளறையில் புருல் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்த கையோடு, ஊட்டுகிற சிறுமிகள் வெண்கூழை ஒரே தொட்டிலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அது ஷாயிரின் கைக்குழந்தை ஆய்தாயின் தொட்டில். வீட்டுக்குப் புதுத் தாயாக ஆக்குவதற்குக் கைக்குழந்தைதான் வேண்டும், வீட்டில் வேறு கைக்குழந்தை இல்லை. ஷாயிர் குறுக்கே நின்றாள். அம்மா போனதிலிருந்து அவள் கைகள் அவள் சொன்னதைக் கேட்டன. கிண்ணத்தைத் தட்டிவிட்டால் மகள் மகளாக இருப்பாள், தோலோன் எல்லாக் குளிருக்கும் அடுப்படியில் இருப்பான். ஆனால் உள்ளறையில் தாய் இல்லாமல் இந்த வீட்டில் யாருக்கும் கரு தங்காது, அதற்குப்பின் ஒரு குழந்தை பிறக்காது. ஒவ்வொருத்தியாக வயலுக்குப் போய்த் திரும்பாமல் போவார்கள், கடைசியில் கதவைச் சாத்தக்கூட ஆள் இருக்காது. கிண்ணம் வைத்திருந்த சிறுமிகள் பசியோடு அவளையே பார்த்தார்கள்.

"விட்ரு ஷாயிர்," என்றான் தோலோன். "எனக்கு இந்த ஒரு குளிர் உள்ள கிடந்தா போதும். நெஞ்சு ஆறிடும்."

"பொய் சொல்றீங்க."

"பொய்யாவே இருக்கட்டும். வழிய விடு."

அவள் விலகி நின்றாள். அந்தக் குளிர் முழுக்க இருவரும் ஒரே கம்பளிக்குள் கிடந்தார்கள். வெண்கூழ் குடித்து ஒரேயடியாக வளர்ந்துவிட்ட ஆய்தாய்க்கு வசந்தத்துக்குள் புருலின் அங்கி பொருந்தியது. கோடையில் அவள் ஒருநாள் ஊரைச் சுற்றிவிட்டு வந்து உள்ளறையில் உட்கார்ந்தாள். பிறகு வாசல் பக்கமே வரவில்லை. ஷாயிரைப் பார்த்து "ஏண்டி பொண்ணே, தண்ணி கொண்டா," என்றாள். ஷாயிர் கொண்டுபோய்க் கொடுத்தாள், வெளியே வந்து அழுதாள், பிறகு ஆட்டுத்தோலை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள்.

வைக்கோல் போர் மறுபடி வெளுத்த காலையில் தோலோன் அந்தப் புதுத்தோலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றான். ஷாயிரின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. "இழுக்காத, நானே வர்றேன்," என்றான். மலைப்பாதை திரும்பும்வரை அவன் இருமவில்லை; அவள் காதில் விழுகிற தூரம்வரை அடக்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். அவள் கதவைச் சாத்தினாள். வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கு தோண்டத் தொடங்கினார்கள்.