கடைமடை மேலே

மருதையன் திடீரென்று நல்லவனாகிப் போனதுதான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கொடுத்தது.

எதிர்வீட்டுப் பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கொரோனாவில் பூதலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் நிமிராமலே "ம்" என்பான். அப்படிப்பட்டவன் இப்போது பக்கத்துவீட்டு அம்சத்தின் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் ரேஷன் பையோடு வரிசையில் நிற்கிறான். அவளுக்கு மாவு அரைத்து வருகிறான். ஊரில் பெற்ற பிள்ளைகளே செய்யாததை ஒருத்தன் செய்தால் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"என்ன மருதையா, அத்தைகிட்ட எதையாவது எழுதி வாங்கப்போறியா?" என்று வாசலிலேயே கேட்டேன். சிரிப்பான் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது. மாவு வாளியை வைத்துவிட்டு ஓடியே போனான்.

சங்கதி இதுதான். அம்சத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் நுழைகிற தலைப்பில் கொஞ்சம் நிலம். பிள்ளையில்லாதவள், புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாகப் பயிர் வைக்கிறாள். புறவழிச்சாலை வருகிறது என்று சர்க்கார் அதில் பாதியை எடுத்துக்கொண்டது. கொடி பிடித்தோம், கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்தோம். இந்தக் கட்சி போய் அந்தக் கட்சி வந்தது. சாலைக்கு அளந்து நட்ட கல் மட்டும் நட்ட இடத்திலேயே இருந்தது. கடைசியில் நஷ்ட ஈடு வந்தது. பக்கத்திலேயே கண்ணுசாமியின் நிலம் விலைக்கு இருந்தது. அறுப்பு முடிந்து தையில் பத்திரம் பதிந்துகொள்ளலாம் என்று பேச்சு. அதுவரை பணம் சும்மா கிடப்பானேன் என்று அம்சம் அதை மருதையனிடம் கொடுத்தாள்.

அவன் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை. அவளை உட்காரவைத்து லேப்டாப்பைக் காட்டித்தான் வாங்கினான். நானும் கீரை ஆய்கிற சாக்கில் கூடவே இருந்தேன்.

"இதுக்குப் பேரு மொமென்டம், அத்தை. வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்குறது ஒண்ணு. ஏறுதா வடியுதா, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாக்குறது இன்னொண்ணு. ஷேருக்கும் அப்படித்தான். இன்னிக்கு விலையிலேருந்து பத்து நாளைக்கு முந்தின விலையைக் கழிக்கணும். வேகமா ஏறுற ஷேருக்குக் கட்டம் பச்சை ஆயிடும். வாங்கணும். செவப்பானா வித்துடணும்."

"ஏறுற தண்ணியில மடையைத் திறக்குற. அவ்வளவுதானே?" என்றாள் அம்சம்.

"கரெக்ட் அத்தை!"

ஆவணியில் பணம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அவனே வந்து சொன்னான். "மார்க்கெட் விழுந்துருச்சு அத்தை." அம்சம் ஒருநாள் அழுதாள். மறுநாள் அவனைக் கூப்பிட்டுத் தேற்றினாள். "வெள்ளம் வந்து நாத்தை அடிச்சிட்டுப் போனா யாரைப் போய்க் கேக்குறது? நீ சாப்பிடாம கெடக்காதப்பா." எனக்கே கண் கலங்கியது. நான் அவ்வளவு லேசில் கலங்குகிறவள் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சிலிண்டர் தூக்கல்.

புரட்டாசியில் மழை தள்ளிப்போனது. முறை வைத்துத்தான் தண்ணீர் விடவேண்டும் என்றானது. எங்கள் ஊரில் வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். அங்கிருந்து முறை மேலே ஏறி வந்து தலைமடை கடைசியில் பாயும். அந்தக் காலத்தில் மிராசுதார் தலைப்பில் உட்கார்ந்து தன் வயலை நிரப்பிக்கொண்டு மிச்சத்தைத்தான் கீழே விடுவார். கூலிக்காரர்களுக்குப் போராடிக் கிடைத்த துண்டு நிலமெல்லாம் கடைசியில் வறண்டு கிடந்தது. மருதையனின் தாத்தா உட்பட நாலுபேர் அடிபட்டு, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாங்கிய முறை இது. அதனால் இந்த ஊரில் எந்தக் கணக்கு எழுதினாலும் கடைசியில் இருப்பதைத்தான் முதலில் எழுதுவோம். மருதையன் எக்ஸெல்லில் போடும் முறைப் பட்டியலிலும் கடைமடைதான் மேலே வரும்.

அந்த வருஷப் பட்டியலில் முதல் வாரம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வாரம் ஒரு காலையில் வாய்க்கால் கரையில் ஒரே சத்தம். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை வந்துவிட்டது.

கடைமடை ஐயாவு குதித்துக்கொண்டிருந்தார். "என் நடவு வெடிச்சுக் கெடக்கு, தலைமடையில தண்ணி பாயுது! என்னடா முறை இது? உங்க தாத்தா எதுக்குடா அடி வாங்குனாரு?"

மருதையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போது முழங்கால்வரை சேறோடு மண்வெட்டியும் கையுமாக அம்சம் வந்தாள்.

"எவன்யா என் மடையைத் திறந்தது? நட்ட பயிரு முங்கிக் கெடக்கு. முறைக்கு முன்னாடியே தண்ணி வேணும்னு நான் கேட்டேனா?"

"நான்தான் அத்தை," என்றான் மருதையன்.

"ஏன்டா?"

அவன் ஒரே மூச்சில் கொட்டினான்.

"உங்களுக்குப் பட்ட கடனுக்குத் தண்ணியாவது முந்தி விடலாம்னு திறந்தேன். மார்க்கெட் விழல அத்தை. ஏறுச்சு. நான்தான் தலைகீழாப் போட்டுட்டேன். நம்ம போன வருஷ முறைப் பட்டியலையே காப்பி எடுத்து அதுல விலையைப் போட்டேன். கைப்பழக்கம், கடைசி விலையை மேல எழுதிட்டேன். வீடியோவுல பாத்துப் போட்ட ஃபார்முலா கீழ இருக்குறதுதான் புதுசுன்னு நெனச்சுக் கழிச்சிருக்கு. ஏறுனதெல்லாம் செவப்பாச்சு, விழுந்ததெல்லாம் பச்சையாச்சு. வடியுற தண்ணியிலதான் உங்க மடையைத் திறந்தேன் அத்தை."

எனக்குப் பாதி புரிந்தது. அம்சத்துக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இந்தப் பட்டியல் போட உக்காந்தப்ப. புரட்டாசி மொதல்ல."

"அதுக்கு முன்னாடியே சிலிண்டர் தூக்குனியே?"

"அப்ப பாவமா இருந்துச்சு அத்தை. தெரிஞ்சப்புறம்... சொல்ல வாய் வரல."

அம்சம் மண்வெட்டியைக் கரையில் ஊன்றினாள். "பணத்துக்கு நான் அழுது முடிச்சாச்சு, மருதையா. மாவு அரைச்சுக் குடுத்தியே, சாமி நமக்கும் ஒரு புள்ளையைக் குடுத்துச்சுன்னு இருந்தேன். எம் மூஞ்சியைப் பாக்க முடியாமதான் என் மாவைத் தூக்குனியா?"

அவன் அழுதான். அத்தனை பேர் நடுவில், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. பிறகு, "கடைமடையில எம் பேருல இருக்குற நெலத்தை உங்களுக்குப் பதிஞ்சு தர்றேன்," என்றான்.

நான் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பொம்பளைகள் அப்படித்தானே, விட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் அடுப்படியில் புலம்புவோம். அம்சம் அப்படிச் செய்யவில்லை.

"குடு," என்றாள். "கண்ணுசாமி நெலம் போச்சு. எனக்கு நெலம் வேணும்." சொல்லிவிட்டு முங்கிய பயிரிலிருந்து தண்ணீரை வடிக்கப் போய்விட்டாள்.

தையில் பத்திரம் பதிந்தார்கள். அவன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, என்னவோ நான்தான் எழுதி வாங்கினாற்போல.

முறைப் பட்டியலை இன்னும் அவன்தான் போடுகிறான். இந்த வருஷம் முதல் வரியில் அம்சத்தின் பெயர், நியாயமாகவே. ஷேர் பக்கம் போவதில்லை என்று கேள்வி. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஊர் சொல்கிறது.

ஆனால் கேஸ் வண்டி வருகிற நாளில் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். வண்டிக்காரன் தெருமுனையில் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போவான். அம்சம் அதைச் சாய்த்து, அடியை உருட்டி உருட்டி, நின்று மூச்சு வாங்கி, மறுபடி உருட்டிக்கொண்டு வருவாள். மருதையன் அவன் வீட்டுப் படியில் எழுந்து நிற்பான். அவள் அவன் பக்கம் திரும்பாமலே, "வேணாம்ப்பா," என்பாள். அவள் வீட்டுக் கதவைச் சாத்துகிறவரை அவன் உட்காருவதில்லை.