பதினாலாவது பெயர்

பெப்ரவரி 6, வியாழன்

இன்று நடந்த பிழை என்னுடையது. சின்னப் பிழைதான். ஆனால் அதனால் கமலேஸ்வரி அக்காவின் இரண்டு ஏக்கர் நெல் வெட்டுப்படாமல் வயலில் நிற்கிறது. சனிக்கிழமை மழை என்று வானிலை அறிவிப்பில் சொல்கிறார்கள். நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலாளி ராஜரத்தினம் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போய் மூன்று நாள். அவர் வரும்வரை உருத்திரபுரத்தில் உள்ள அவருடைய கந்தோரும் ஒரேயொரு நெல் வெட்டு மெசினும் என் பொறுப்பு. மற்ற நாட்களில் நான் போன் எடுத்துப் பெயர் பதிபவள் மட்டும்தான். யாருடைய நெல்லை எப்போது வெட்டுவது என்பதை முதலாளி எங்கும் எழுதி வைப்பதில்லை. எனக்கு அது ஒழுங்கில்லாத வேலையாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை பதினான்கு பேரையும் அவர்கள் பதிந்த திகதிப்படி வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அன்று பின்னேரம் கணக்கியல் வகுப்பில் இருந்தபோதும் அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பெயர் கமலேஸ்வரி. கடைசிப் பெயர் வீரகத்தி.

இன்று காலை ஏழரைக்கு வீரகத்தி அண்ணை வந்தார். நேற்று மட்டும் ஒன்பது தடவை போன் எடுத்தவர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. தன்னுடைய வயலைத்தான் முதலில் வெட்ட வேண்டும், ராஜரத்தினம் எல்லா வருடமும் அப்படித்தான் செய்கிறவர் என்றார். ஏன் என்று கேட்டேன். நேற்று வந்த பிள்ளைக்கெல்லாம் விளக்கம் சொல்லத் தனக்கு நேரமில்லை என்றார். கந்தோரில் அப்போது வேறு நான்கு பேர் இருந்தார்கள். என் குரல் நடுங்குவது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று சற்று உரத்தே சொல்லிவிட்டேன்.

"லிஸ்ட்டில நீங்கள் பதினாலாவது அண்ணை. தெரிஞ்ச ஆக்கள் எண்டு ஒருத்தரையும் முன்னுக்கு விடேலாது."

"வீரகத்தியின்ர பருப்பு இண்டைக்கு வேகேல்லை," என்று ஒருவர் சிரித்தார்.

வீரகத்தி அண்ணை தாளில் விரலை வைத்துப் பதினான்கு வரையும் எண்ணினார். பிறகு வாசலால் இறங்கிப் போய்விட்டார்.

முதலாளியிடம் கேட்கலாமா என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். கண்ணில் கட்டுப் போட்டிருப்பவரை இதற்காகவா கரைச்சல்படுத்துவது என்று வைத்துவிட்டேன். இப்போது யோசித்தால் அது அக்கறை இல்லை. இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

பத்து மணிக்கு சாரதி நிஷாந்தன் போன் எடுத்தார். மெசின் வீதியிலேயே நிற்கிறது, உள்ளே போக வழியில்லை என்றார். சைக்கிளில் போனேன். பார்த்தவுடன் விளங்கியது. கமலேஸ்வரி அக்காவின் வயலுக்குப் பின்னால் வாய்க்கால். வீதிக்கும் அவருடைய வயலுக்கும் நடுவே வீரகத்தி அண்ணையின் நான்கு ஏக்கர், முற்றிய நெல்லோடு. முன் வயலை வெட்டினால்தான் அதன் மேலால் மெசின் பின் வயலுக்குப் போகலாம். முதலாளி ஒவ்வொரு வருடமும் பார்த்தது இதைத்தான். நிஷாந்தன் வவுனியாவிலிருந்து இந்தப் போகத்துக்கு வந்தவர். கமலேஸ்வரி அக்கா அந்த வயலை இந்த முறைதான் குத்தகைக்கு எடுத்தவர். தெரிந்திருக்க வேண்டியவள் நான். வயலைப் பார்க்காமல் திகதியைப் பார்த்தேன்.

வீரகத்தி அண்ணை வரம்பில் நின்றார். அப்படியென்றால் உங்களுடையதையே இப்போது வெட்டுவோம் என்றேன்.

"ஏன் பிள்ளை? நான் பதினாலாவது. வாற புதன்தான் என்ர முறை. லிஸ்ட் எண்டா லிஸ்ட்தானே."

"மழை வரப்போகுது அண்ணை. உங்கட நெல்லும்தானே நனையும்."

"நனையட்டும். தெரிஞ்ச ஆள் எண்டு என்னை முன்னுக்கு விட்டால் உனக்கெல்லோ கெட்ட பேர்."

கமலேஸ்வரி அக்காவின் நெல் ஒரு மூலையில் ஏற்கனவே சாய்ந்திருந்தது. இன்னொரு மழை பட்டால் சாய்ந்த கதிர் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். "இப்ப என்னம்மா செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். அதை மட்டும்தான் கேட்டார். மெசினை வீதியோரமாக இருந்த இரண்டாம் பெயர்க்காரரின் வயலுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் வகுப்புக்குப் போகவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வாசலுக்கு வரும்போதெல்லாம் கிழக்கே முகில் கூடியிருக்கிறதா என்று பார்த்தேன். நான் முறைப்படிதான் செய்தேன், காரணம் சொல்லாதது வீரகத்தி அண்ணையின் பிழை என்று மனதுக்குள் வழக்காடினேன். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நெல் அப்படியேதான் நிற்கிறது. நான்கு பேருக்கு முன்னால் அவரை அப்படிச் சொன்னவள் நான். வரம்பில் வைத்துத் தனியாகக் கேட்டால் அவர் இறங்கி வரமாட்டார்.

ஐந்தரைக்குச் சந்தித் தேநீர்க்கடைக்குப் போனேன். பெண்கள் நின்று கதைக்கும் இடமில்லை அது. காலையில் இருந்தவர்களில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள், வீரகத்தி அண்ணையும்.

"வீரகத்தி அண்ணை காலமை சொன்னது சரி. அவற்ற வயலை வெட்டாமல் பின் வயலுக்கு மெசின் போகாது. நான்தான் தெரியாமல் லிஸ்ட் எழுதினனான். தெரிஞ்ச ஆள் எண்டு முன்னுக்கு வாறார் எண்டு சொன்னதும் பிழை."

காலையில் சிரித்தவர் தன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரகத்தி அண்ணை தேநீரைக் குடித்து முடிக்கும்வரை நான் நின்றேன். அவர் அவசரப்படவில்லை.

"பனி காயாமல் மெசினை இறக்கிப்போடாத," என்றார் கடைசியில். "ஒன்பது மணிக்குக் கொண்டுவா. என்ரயை முடிச்ச கையோட பின் வயல் பிள்ளையின்ரயையும் வெட்டு."

"ஓம் அண்ணை."

"பிந்தினியெண்டா நான் திரும்பவும் பதினாலாவதுக்குப் போயிடுவன்."

கமலேஸ்வரி அக்காவுக்குப் போனில் சொன்னேன். நம்பாமல் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். மழை ஒரு நாள் முந்திவிட்டால் என்ன செய்வது என்று இதை எழுதும்போதும் எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வயலுமாக ஆறு ஏக்கர். நாள் முழுக்க அங்கேயே போய்விடும், நாளைய முறைக்காரருக்கு மெசின் இல்லை.

நாளை வெள்ளி. ஒன்பது மணிக்கு நிஷாந்தனோடு வீரகத்தி அண்ணையின் வயலில் நிற்க வேண்டும். அதற்கு முன், எட்டு மணிக்கு, மூன்றாம் பெயரான தயாபரன் அண்ணைக்குப் போன் எடுத்து, அவருடைய நெல் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது என்பதையும் அது யாருடைய பிழை என்பதையும் நானே சொல்ல வேண்டும்.