இரண்டாம் கியரின் ஊளை

சந்தியோகுவின் பழைய ஒஸ்ரின் கார் புறப்படும்போதெல்லாம் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி விழும். வேகத்தைக் குறைத்தால் இன்னொன்று. போரில் பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெயில் கார் ஓடிக்கொண்டிருந்த காலம். புதுச் சாமான் எங்கும் கிடையாது. சுன்னாகத்தில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த இராசநாயகம் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கியர்பெட்டி முடிந்துபோயிற்று என்றான். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறொரு பழைய பெட்டியைப் பூட்டிவிட்டான்.

‘டங்’ போகவில்லை. போதாக்குறைக்குப் புதிதாக வந்த பெட்டி ஓடும்போதே கியரை உதறித் தள்ளியது. கேட்டால், ஓட ஓடச் சரியாகும் என்றான் இராசநாயகம்.

ஒரு காலை, பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவைப் பிள்ளைப்பேற்று நோவோடு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான் சந்தியோகு. பாதிவழியில் கியர் இறுகிக் கார் நின்றுவிட்டது. கியர்த் தடியை எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. கூட வந்த புருஷன் அடைக்கலநாதன் சைக்கிள் தேடி ஓடினான். அவன் திரும்பி வருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் இரத்தம் போய், லூர்த்தம்மா அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள்.

அடுத்த நாள் சந்தியோகு காருக்குக் கீழே படுத்து, இறுகியிருந்த கியரை ஒருவாறு தட்டி விடுவித்தான். பிறகு கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டைக் கையால் பிடித்து ஆட்டினான். அதன் மூட்டு கழன்ற பல்லைப்போல ஆடியது, ‘டங்’ என்றது. அப்படியென்றால் பழைய பெட்டியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அவனுக்கு உச்சந்தலை கொதித்தது.

அந்தக் கொதிப்போடு காரைச் சுன்னாகத்துக்கு விட்டான். சந்தையடியில் வேறொரு ஒஸ்ரின் அவனைக் கடந்து போனது. இரண்டாம் கியரில் நாய் ஊளையிடுவதுபோல மெல்லிய சத்தம். வருடக்கணக்காகத் தன் காலடியில் கேட்ட சத்தம் அது. காரைக் குறுக்கே விட்டு மறித்தான்.

உள்ளே இருந்தவர் நமசிவாயம், வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர். இராசநாயகம் பூட்டித் தந்த பெட்டி என்றார்.

“அண்ணை, உது என்ரை பெட்டி.”

“உனக்கென்ன விசரோ?”

“இடப்பக்கத்துப் போல்டுகளிலை ஒண்டு வள்ள எஞ்சினிலை கழட்டி நான் போட்டது. தலை பெரிசு. குனிஞ்சு பாருங்கோ.”

நமசிவாயம் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கராச்சுக்குப் போயின.

இராசநாயகம் மறுக்கவில்லை. அதுதான் சந்தியோகுவை இன்னும் எரித்தது. சாமான் இல்லாத நாட்டில் இருப்பதை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும் என்றான். நமசிவாயத்தாரின் வெங்காயம் சந்தைக்குப் போக வேண்டாமா என்றான்.

“உன்ரை காரும் ஓடினதுதானே.”

“ஓம், ஓடினது,” என்றான் சந்தியோகு. “லூர்த்தம்மா றோட்டிலை பெத்தாள்.”

கையில் ஸ்பானர் ஏறியிருந்தது. அடித்தால் மண்டை பிளக்கும் என்று தெரிந்தது; அடிக்க ஆசையாகவும் இருந்தது. அந்நேரம் கராச்சின் பின்பக்கம் படங்கு போட்டு மூடியிருந்த காரை நமசிவாயம் கண்டுவிட்டார். இழுத்துப் பார்த்தால் அதுவும் ஒஸ்ரின், நல்ல நிலையில். இராசநாயகத்தின் மனைவி பாலேஸ்வரி ஓடிவந்து, அது மகளின் சீதனத்துக்கு வைத்திருப்பது, தொட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதுவரை உரத்துப் பேசாத நமசிவாயம் இராசநாயகத்தைப் பார்த்துச் சொன்னார்: “கழட்டு.”

பொழுது சாயும்வரை இருவரும் இராசநாயகத்தின் தலைமாட்டில் நின்று வேலை வாங்கினார்கள். சீதனக் காரின் கியர்பெட்டி நமசிவாயத்துக்கு, மூட்டு சந்தியோகுவுக்கு. அவனுடைய பெட்டியும் அவனிடமே வந்து சேர்ந்தது. பாலேஸ்வரி வாசலில் இருந்து அழுதாள். சந்தியோகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் ‘டங்’ இல்லை. ஆனாலும் கோபம் தணியவில்லை. நேரே அடைக்கலநாதன் வீட்டு வாசலில் நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். இராசநாயகத்தைத் திட்டித் தீர்த்தான்.

அடைக்கலநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“அவனை எனக்குத் தெரியாது. நான் அவளை ஏத்தினது உன்ரை காரிலை.”

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனான். சந்தியோகுவுக்கு அவன்மேலும் கோபம் வந்தது. ஆனால் காரை எடுக்காமல் அந்த வாசலிலேயே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு நடந்து போனான்.