பஸ்கா வாரத்தில் ஒரு ரொட்டிக் கூடை

அரபு ஊரான பெய்த் ஸஃபாஃபா வழியாக ரயில் ஓடி வெகுகாலம் ஆகிறது. தண்டவாளத்தை எடுக்காமல் நடுவே பலகை பாவி நடைபாதை ஆக்கிவிட்டார்கள். பக்கத்தில் சைக்கிள் பாதை. ரமளான் மாலைகளில் ஃபத்ஹியா அத்தை அங்கே கூடையோடு நிற்பாள். நோன்பு திறக்கும் பாங்கு நேரத்தில் யார் கடந்தாலும், நோன்பாளியோ இல்லையோ, கையில் ஒரு பேரீச்சை ரொட்டியைத் திணிப்பாள்.

அன்று லமீஸும் உடன் வந்திருந்தாள். தாய் இறந்தபின் அவளை வளர்த்தவள் இந்த அத்தைதான். யூதர்களுக்கு அது பஸ்கா வாரம். புளித்த மாவில் செய்த எதையும் தொட மாட்டார்கள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் லமீஸுக்கு இது தெரியாததல்ல. ஆனால் காலையிலிருந்து மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம் அவள் வாய் திறக்கவில்லை.

அத்தை ஓடிவந்த ஒருவனை மறித்தாள். “நில்லுப்பா! வெறும் வயித்தோட யாரைத் துரத்துற?”

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு ஓடினான்.

அடுத்து சைக்கிளில் வந்தது லமீஸின் வார்டுத் தலைவி, டாக்டர் ஓர்னா. லமீஸ் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றாள்.

“வேணாம்மா, நன்றி,” என்றாள் ஓர்னா.

முதல் மறுப்பு மரியாதைக்குச் சொல்வது. அத்தை அறிந்த உலகில் யாரும் கேட்டவுடன் வாங்குவதில்லை. “கூச்சப்படாதீங்க, என் கையால சுட்டது,” என்று அரபியில் சொல்லி ரொட்டியை சைக்கிள் கூடையில் வைத்தேவிட்டாள். ஓர்னா அதைத் தொடவும் முடியாமல் எடுத்து எறியவும் முடியாமல் விழித்தாள். அப்போதுதான் லமீஸைக் கண்டாள்.

“லமீஸ்! இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல டாக்டர். இந்த ஊர்க்காரங்க போல. நான் சும்மா நடக்க வந்தேன்.”

“இந்த வாரம் நாங்க ரொட்டி சாப்பிட மாட்டோம்னு அவங்க மனசு நோகாம சொல்லிடேன்.”

லமீஸ் அத்தையின் முகத்தைப் பார்க்காமல், முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் அரபியில் சொன்னாள்: “அம்மா, அவங்களுக்குப் பண்டிகை. இதைச் சாப்பிடக் கூடாது.”

வருடக்கணக்காக யூத வீடுகளில் துணி துவைத்தவள் அத்தை. லமீஸும் டாக்டரும் பேசிய ஹீப்ருவில் ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பாது. ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, தன் கூடைக்குள் வைத்துவிட்டு ஹீப்ருவிலேயே சொன்னாள்:

“மன்னிச்சுக்கோங்க டாக்டர், பண்டிகை வாரம்னு யோசிக்காம குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு உங்க ஆளா? அழகாப் பேசுது.”

“எங்க வார்டுலயே நல்ல நர்ஸ் இவதான்.”

“இவளை வளர்த்தவங்க குடுத்து வெச்சவங்க,” என்றாள் அத்தை.

ஓர்னா புன்னகைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அத்தை கூடைமேல் துணியைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள். பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

“அத்தை...”

“மெதுவாக் கூப்பிடு. உன் டாக்டரு இன்னும் வளைவு தாண்டல.”

உண்மைதான். சற்றுத் தூரத்தில், வளைவுக்கு முன்னால், ஓர்னா சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். இவங்கதான் என் அத்தை என்று சொல்ல லமீஸ் வாயைத் திறந்தாள்.

ஓர்னா திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். லமீஸும் கையசைத்தாள்.