நெஞ்சுக்கு வைத்த சந்தனம்

சுகுமாறனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தின நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிய இடுப்பு. அதை விடிந்ததிலிருந்து பானட்டுக்கு அடியில் வளைத்து வைத்திருந்தான். கோலா சாவா தோட்டத்துச் செம்மண் பாதையில் அவனுடைய பழைய கார் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது.

பின்சீட்டில் பக்கத்து வீட்டு அந்தோனியம்மாள். வலது கண்ணில் புரை. ஒன்பது மணிக்குள் செரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் ஆபரேஷன்.

“எதிர்வீட்டு ஜேசன் வேன் கொண்டாரேன்னான். நீதானேடா வேணாம்னே?”

“இருங்க லா பெரியம்மா, பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!”

குளிரில் ஒழுங்காகக் கிளம்பும். சூடேறியதும் கரும்புகை, பெட்ரோல் நாற்றம், நின்றுவிடும். குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டரின் வாயை ஒரு தகடு மூடும். பக்கத்துக் கறுப்பு மூடிக்குள் இருக்கும் சுருள் சூடானதும் தானாகத் திறக்கும். ஆட்டோ சோக். பத்து நாளாக அது தானாக ஒரு மயிரும் செய்யவில்லை. பிளக் மாற்றினான், அந்தக் கறுப்பு மூடியையே புதிதாக வாங்கிப் போட்டான்.

மூடியைத் தொட்டான். விரல் சுட்டது. அப்படியானால் அதில் குற்றமில்லை. ஃபில்டரைக் கழற்றினான். தகடு இறுக மூடிக் கிடந்தது. விரலால் தள்ளினான், அசையவில்லை. அச்சுக்கம்பியின் ஓரத்தை ஸ்குரூடிரைவரால் சுரண்ட, மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்தான். சந்தனம்.

முன்சீட்டில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

“விமலா! ஆயுத பூஜைக்கு இங்க என்னடி அப்புனே?”

“நீங்கதானே எல்லாத்தையும் கழட்டிக் காட்டி, இதுதான் காடியோட நெஞ்சுன்னீங்க? நெஞ்சுக்கு வைக்காம?”

“பொட்டு வைடின்னா, சொவரு பூசியிருக்கே!”

“போன வருசம் கொஞ்சமா வச்சேன், கஞ்சம்னு திட்டுனீங்க.”

“எங்க சாமிக்கு ஒரு மெழுகுத்திரி போதும்பா,” என்றாள் அந்தோனியம்மாள்.

பெட்ரோலில் தோய்த்த துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். தகடு லேசாக ஆடியது. அப்புறம் புகையில்லை, இருமலில்லை. செரம்பான்வரை வழுக்கிக்கொண்டு போனது. அதுவே அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பத்தரை. அந்தோனியம்மாள் இடத்துக்கு வேறொருவரை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டார்கள். இனி அடுத்த வருசம் ஜூன் மாதம்தான் என்றாள் நர்ஸ்.

அந்தோனியம்மாள் திட்டவில்லை. படி இறங்கும்போது அவன் தோளைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

சுகுமாறன் அவளுக்கு ஒரு வலது கண் கடன்பட்டிருந்தான்.