பேச்சு முடிந்ததா என்று பலகைக்குத் தெரியாது

1

இந்தக் கதை ஒரு பாடக்குறிப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பற்றிக் கெர்னலிடம் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடு ஆள். ஓடுகிற புரோகிராம்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்க முடியாது. எது ஓடுகிறது, எது காத்திருக்கிறது என்பது கெர்னலுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் அந்த நொடியில் பட்டியல் எழுதி நீட்டும். நாம் வாசித்து முடிப்பதற்குள் பட்டியல் பழசாகியிருக்கும்.

என்னை உட்காரவைத்தது இன்னொரு விஷயம். வேலை முடிந்து செத்துப்போன புரோகிராமும் சில நேரம் பட்டியலில் நிற்கும். அதைத் தொடங்கிவைத்த புரோகிராம் வந்து 'முடிந்ததா' என்று விசாரிக்கும்வரை பெயர் போகாது.

[இங்கே ஒரு படம் போட வேண்டும். படத்துக்குப் பதில் சந்தனமாரி வந்துவிட்டாள்.]

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஆடி மாதம். தென்காசித் தெருக்களில் சாரல்—' வேண்டாம். சாரலில் தொடங்காத குற்றாலக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாவது: 'டெலிபோன் ஆபரேட்டர் சந்தனமாரிக்கு ஊரார் ரகசியம் எல்லாம் தெரி—' பொய். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கதையே அதுதான்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது. என் கதையின் தென்காசி எக்ஸ்சேஞ்சில் அவள் ஒருத்திதான். எதிரே ஒரு பலகை, அதில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஒரு துளை. ஒருவர் தம் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர் துளைக்கு மேலே பித்தளைத் தகடு விழும். யார் வேண்டும் என்று கேட்டு, இரண்டு துளைகளையும் ஒரு கயிற்றால் இணைப்பாள். பேசி முடித்தவர் மறுபடியும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் கயிற்றைப் பிடுங்குவாள். சுற்றாவிட்டால் பேச்சு செத்தும் கயிறு நிற்கும். பலகையில் சாவி என்கிற விசையைத் தள்ளி ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஒட்டுக்கேட்டால் வேலை போகும்.

3

புளியங்குடிக்காரர் சிவனணைந்தபெருமாளுக்குத் தென்காசி பஜாரில் எலுமிச்சை மண்டி. அவர் ஒருநாளும் கடைசிச் சுற்றைச் சுற்றியதில்லை. மண்டியில் இருப்பவர்களையும் சுற்றவிடுவதில்லை. சந்தனமாரி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"பேசிட்டு எந்திரிக்கையில போறேன்னா சொல்லுவாக? வாரேன்னுதானம்மா சொல்லணும்," என்றார் ஒருமுறை. "மணியடிச்சு முடிக்கதுக்கு இது என்ன எளவு வீடா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது.

போன வாரம்தான் சிரிப்பு போயிற்று. மலைமேல் எஸ்டேட்டில் கணக்கராக இருக்கும் கடையநல்லூர் ஆதம், மலையிலிருந்து அருவிக்கு வெள்ளம் வருகிறது என்று போன் செய்தார். குற்றாலத்துக்கு ஒரே கம்பி. அதுவும் அருவிக்கரை லாட்ஜில் இருக்கும் ஒரே டெலிபோனுக்கு. சீசனுக்கு அங்கே தங்கியிருந்த பெருமாள், மண்டியோடு பேசிக்கொண்டிருந்தார். சந்தனமாரி பேச்சைத் துண்டித்து லாட்ஜுக்குச் செய்தி சொன்னாள். வெள்ளம் வரவில்லை. பெருமாளின் புகார்தான் வந்தது. இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மெமோ கொடுத்தார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

[இவள் தலையில் ஏன் இத்தனை பாரம் ஏற்றுகிறேன்? தெரியவில்லை. ஏற்றாவிட்டால் அவள் யோசிக்கவே மாட்டாள் என்று பயம்.]

4

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. மறுபடியும் ஆதம்.

"தண்ணி கலங்கி இறங்குதும்மா. கால் மணி நேரத்துல கீழ வந்துரும். குளிக்கவகள ஏறச் சொல்லுங்க. போன தடவை மாதிரி இல்ல, கண்ணால பாக்கேன்."

பலகையைப் பார்த்தாள். லாட்ஜுக்கும் மண்டிக்கும் நடுவே கயிறு. ஐம்பது நிமிஷமாக நிற்கிறது.

பிடுங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்து, ஆதம் இந்தத் தடவையும் ஏமாந்திருந்தால்? இரண்டாவது புகார்.

[தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லக்கூடாதா? சொன்னாள். ஜீப் செங்கோட்டைக்குப் போயிருக்கிறதாம். அதை அங்கே அனுப்பியது நான்தான்.]

பேசுகிறார்களா இல்லையா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. வேலை போனால் போகட்டும் என்று சாவியைத் தள்ளினாள்.

பேச்சு இல்லை. மண்டிப் பக்கம் சத்தமே இல்லை. லாட்ஜ் பக்கம் மட்டும் ஓர் இரைச்சல். கம்பியில் கோளாறு என்று நினைத்துக் காதை அழுத்திக்கொண்டாள். அது கோளாறு இல்லை, அருவி.

ரிசீவர் மேசைமேல் கிடக்கிறது. மனுஷன் 'வாரேன்' என்று சொல்லி அதைக் கொக்கியில் மாட்டாமல் வைத்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருக்கிறார். புகார் எழுதியவர் இப்போது அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். (சத்தியமாக இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. எழுதும்போது அவரே இறங்கிப் போய்விட்டார்.) ரிசீவர் கொக்கியில் இல்லாவிட்டால் மணியும் அடிக்காது. கயிற்றைப் பிடுங்கி ஆயிரம் தடவை சுற்றினாலும் யாருக்கும் கேட்காது.

சந்தனமாரிக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சாகக்கூடாது என்று அதைவிட வேகமாக மனம் அடித்துக்கொண்டது.

5

முடிவு ஒன்று: லாட்ஜ் மேனேஜர் அந்தப் பக்கமாக வருகிறார். ரொம்பச் சவுகரியம்.

முடிவு இரண்டு: வெள்ளம் வரவில்லை. பெருமாள் தலை துவட்டிக்கொண்டு வந்து, ஒட்டுக்கேட்டாள் என்று இரண்டாவது புகார் எழுதுகிறார். நடக்கக்கூடியதுதான். எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு மூன்று: தண்ணீர் செம்மண் நிறத்தில்— அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் வாயைப் பேசும் குழலோடு ஒட்டிவைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள்: "லாட்ஜ்ல யாரு இருக்கீய? போனை எடுங்க." மேசைமேல் கிடக்கும் ரிசீவரிலிருந்து அந்தக் குரல் இரண்டு முழத்துக்குமேல் போகாது. அந்த இரண்டு முழத்துக்குள் யாராவது இருக்கிறார்களா என்று எழுதுகிற எனக்கே தெரியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் இவ்வளவு நேரமும் அந்த ரிசீவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே அருவிச் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவள் காத்திருக்கிறாள்.

எடுங்கள்.